பாலாலயம் என்று சொன்ன வாய்

5 மார்ச் 1979, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ஈப்போ பழைய டவுனில் கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதை முழுக்கச் சேறு. செருப்பில் எதையோ மிதித்துவிட்டேன். ஆபீஸ் படிக்கட்டில் தேய்த்துவிட்டு மேலே போனேன். என்னவென்று குனிந்து பார்க்கவில்லை, பார்த்தால் மத்தியானம் சோறு இறங்காது.

மேசைமேல் கம்பெனிக் கடிதம். ஒன்றரைப் பக்க ஆங்கிலம். கோலா கங்சார் சாலை, பதினோராம் மைல் கட்டைத் தோட்டம். கித்தா ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை நடப்போகிறார்களாம். தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகள் நிற்கும் மேடும் அதில் போகிறது. முப்பத்தெட்டுக் குடும்பமும் ஸ்டோருக்குப் பின்னால் கட்டியிருக்கும் தகரக் கொட்டகைக்கு மாற வேண்டும். அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட ஒரு தமிழ்க் கடிதம் வேண்டும். இந்த ஆபீசில் தமிழ் எழுதத் தெரிந்தவன் நான்தான்.

முப்பத்தெட்டில் ஒன்று பாக்கியம் அக்கா வீடு. நான் பிறந்ததும் அதே லயனில். லிம்முக்கு இது தெரியும். ஆபீஸ் மேனேஜர், என் மேலதிகாரி. பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே பேசுகிற மனுஷன்.

"ஈசியா எழுது லா, தியாகு. படிச்சுக் காட்டுனதும் சைன் வைக்கணும்."

குச்சி நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

நான்கு வருடமாக நான் 'ஆக்டிங்' தலைமைக் கிராணி; குமாஸ்தா வேலைதான், இன்னும் நிரந்தரம் இல்லை. ராஜா வேஷம் கட்டுகிற கூத்துக்காரனாவது விடிந்ததும் சாயத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

வாங்க: பிளேடு, சோப்பு, குடை (பழையது செத்துவிட்டது).

7 மார்ச், புதன்

மழை விட்டது. புழுக்கம். அகராதியின் அட்டையைக் கரப்பான் தின்றிருக்கிறது. உள்ளே முட்டை. தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கடிதத்தில் ஒரு தேதிகூட இல்லை. தேதி இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நடுவில் நிற்கிற சொற்கள். எனக்காக எழுதி வைக்கிறேன்:

பிட்வீன். நேர்மையான சொல். இரண்டு கரையையும் காட்டிவிட்டுத்தான் நடுவில் நிற்கும். ஈப்போவுக்கும் லகாட்டுக்கும் பிட்வீன் என்றால் பஸ் கண்டக்டருக்குக் கூடப் புரியும். அதனால்தானோ என்னவோ கடிதத்தில் இல்லை.

அமங். கூட்டத்துக்குள்ளே. யார் யாரோடு என்று சொல்லும், எந்த இடம் என்று சொல்லாது.

மீன்வைல். அது நடக்கிறவரை இது. அது நடக்காவிட்டால்? அகராதி வாயைத் திறக்கவில்லை.

பெண்டிங். தொங்கிக்கொண்டிருப்பது. நம் ஆபீசில் இதற்கென்று ஒரு மரத்தட்டே உண்டு. போன வாரம் தூசி தட்டியபோது அடியில் செத்த பல்லி, காய்ந்து காகிதமாக.

டெம்பரரி. மாரிமுத்து மச்சானின் வேலை பெர்மிட்டில் இருக்கிறது. அக்கா புருஷன், இதே தோட்டத்தில் பிறந்தவர், வயது நாற்பத்தேழு, குடியுரிமை கிடைக்காமல் இன்னும் டெம்பரரி.

இண்டெரிம். ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை உள்ள காலம். கடிதத்தில் நான்கு இடத்தில் வருகிறது. அடுத்தது என்ன என்று ஓரிடத்திலும் இல்லை.

'இடைக்கால வசிப்பிடம்' என்று போட்டேன். சரியான தமிழ்தான். ரேடியோ செய்தியில் வந்தால் அழகாக இருக்கும். படிக்கப் படிக்க வாயில் துரு ருசி.

11 மார்ச், ஞாயிறு

மண்டையைப் பிளக்கும் வெயில். பஸ்ஸில் பக்கத்து ஆள் மடியில் பிலாச்சான் இறால் விழுதுப் பொட்டலம், பதினோரு கட்டையும் அந்த நாற்றத்தோடு.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் கூட்டம். தோட்டத்து மேனேஜர் துரை உள்ளே வரவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டு. நான் கடிதத்தைப் படித்தேன். ஒருவர் முகத்திலும் ஒன்றும் ஏறவில்லை.

மச்சான்தான் முதலில் எழுந்தார். "இடைக்காலம்னா எத்தன நாளு மாப்ளே? தகரக் கொட்டாய்ல கெடந்து வேகச் சொல்றானா?"

"அப்புறம் வேற வீடு குடுப்பானா, மாட்டானா? அதச் சொல்லு லா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மறுபடி விளக்கினேன். 'தற்காலிகம்' என்றேன், 'ஏற்பாடு' என்றேன். வியர்வை கண்ணில் இறங்கியது. துரையின் கார் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் வேலு பூசாரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவரைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"பாலாலயம் மாதிரிதாங்க."

அவ்வளவுதான். கொட்டகை முழுக்க ஒரு 'ஓ'.

இரண்டு வருடத்துக்கு முன் மாரியம்மன் கோயிலைப் பிரித்துக் கட்டினார்கள். அப்போது அம்மனைக் கும்பத்திலும் பலகையிலும் இறக்கி, கித்தாப் பால் நிறுக்கிற கொட்டகை ஓரத்தில் ஓலைப் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள். அதுதான் பாலாலயம். எட்டு மாதம். கட்டி முடித்து, கும்பாபிஷேகம் செய்து, அம்மன் உள்ளே போனாள். போகாமல் இருப்பாள் என்று யாருமே நினைக்கவில்லை. பாலாலயத்தில் வைத்துவிட்டுக் கோயிலைக் கட்டாமல் விட எவனுக்குத் துணிச்சல் வரும்?

"அப்பிடிச் சொல்லு தம்பி" என்றார் பூசாரி. "அம்மனே இருந்தா. நம்ம இருக்க மாட்டமா?"

வரிசையில் வந்து கைநாட்டு வைத்தார்கள். மச்சான் கையெழுத்தே போட்டார். அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஒத்த வார்த்தையில வெளங்க வச்சிட்டான் பாத்தியா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆமாம், இருந்தது. கருவாட்டுக் குழம்பு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

13 மார்ச், செவ்வாய்

கைநாட்டுக் கடிதத்தோடு சேர்த்து வைக்கப் புது வீட்டுப் பிளானைத் தேடினேன். தோட்டத்து ஃபைல் முழுவதையும் புரட்டினேன். பிளான் இல்லை. ஒரு நிலப்படம் மட்டும் இருந்தது. லயன் மேடு, கோயில் பக்கம், ஆற்றோரம் எல்லாவற்றிலும் பச்சைப் புள்ளி. செம்பனை. வீட்டுக்கு ஒரு கட்டம்கூட வரையவில்லை.

லிம்மிடம் போனேன்.

"புது வீடா? நான் எப்ப சொன்னேன்? லெட்டர்ல எங்க இருக்கு, காட்டு லா."

இல்லை. கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. நான் வரிவரியாகத் தமிழாக்கிய கடிதம், எனக்குத் தெரியாதா? புது வீடு என் வாயிலிருந்து வந்தது. கம்பெனி பொய் சொல்லவில்லை. அது சொல்லாமல் விட்ட பொய்யை அம்மன் பெயரால் நான் சொல்லி முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

லிம் சிரித்தார். "அந்தக் கோயில் கத நல்லாருந்துச்சாமே. டிரைவர் கேட்டுட்டு வந்து சொன்னானாம், துரை போன்ல சொன்னாரு. அடுத்த மாசம் இன்னொரு தோட்டம் இருக்கு. அங்கயும் அதயே சொல்லிரு. ஒன் கன்பர்மேஷன் லெட்டர் டைப்புல இருக்கு."

"சரி சார்" என்றேன். எழுதி வைக்கிறேன், பின்னால் இல்லை என்று நானே சொல்லக்கூடாது. சரி சார் என்றேன்.

கீழே கோப்பிக் கடையில் காப்பி. மேலே எண்ணெய் மிதந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

18 மார்ச், ஞாயிறு

தோட்டம். வியாழனும் வெள்ளியும் குடி மாறிவிட்டார்கள். நேற்றே லயனை இடித்தாகிவிட்டது. அவ்வளவு அவசரம் கம்பெனிக்கு. நாங்கள் இருந்த வீட்டின் அடுப்பு மட்டும் வெளியே தெரிகிறது, கரியோடு.

தகரக் கொட்டகை: நீளமாக ஒன்று. நடுவில் பலகைத் தடுப்பு, கூரைவரை எட்டவில்லை. ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்குக் கேட்கும். குழாய் ஒன்று. கக்கூஸ் பத்தடியில், காற்று அங்கிருந்துதான் வருகிறது. ஈ. உள்ளே நின்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது.

யாரும் முனகவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கும்பத்தில் தண்ணீர் எடுத்து, விளக்கு ஏற்றி, தேங்காய் உடைத்து, அம்மனை மாற்றியதுபோலவே தங்களையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாதிச் சாமானைப் பிரிக்கவே இல்லை. எதற்கு, எப்படியும் தூக்கிக்கொண்டு போகப் போகிறோமே என்கிறார்கள்.

அக்கா சொன்னது: செல்வி கல்யாணம் தள்ளி வைப்பு.

செல்வி அக்காவின் ஒரே மகள். மாப்பிள்ளை சுங்காய் டவுனில் லோரி ஓட்டுகிற பையன், நல்லவன். வைகாசியில் நாள் குறித்தாயிற்று.

"பாலாலயத்துல இருக்கறப்ப திருவிழா எடுப்பாங்களா? அந்த வருசம் தீமிதி நடந்துச்சா? இல்லல்ல. பூசாரியும் அதான் சொன்னாரு. புது வீட்டுக்குப் போயி, வாசல்ல பந்தல் போட்டு செய்வோம்."

"மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்க?"

"மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்களாம். அதுக்குள்ள ஒரு தேதி சொல்லணுமாம். இல்லாட்டி அங்கயே வேற பொண்ணு பாத்துருவாங்களாம். நீ ஆபீசுல கேட்டு ஒரு தேதி சொல்லுடா தம்பி. ஒரே ஒரு தேதி."

செல்வி தடுப்புக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாய்ப் பிழைப்பு.

20 மார்ச், செவ்வாய்

கன்பர்மேஷன் லெட்டர் வந்தது. சாப் முத்திரை குத்தி, கையெழுத்தோடு. நான் ஏற்றுக்கொள்வதாகக் கீழே ஒரு கோடு. இன்னும் போடவில்லை. போடவில்லை என்பதற்காக என்னை நானே மெச்சிக்கொள்ளவும் இல்லை. மேசை டிராயரில் வைத்துவிட்டு மற்ற கடிதங்களை டைப் அடித்தேன்.

கஞ்சி. மறுபடி கஞ்சி.

25 மார்ச், ஞாயிறு

போனேன். சொன்னேன்.

குழாயடியில் அக்கா தனியாக இருந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. "புது வீடு கெடையாதுக்கா. பிளானே இல்ல. நானா சொன்னது."

பக்கெட் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"அவன் சொல்லச் சொன்னானா?"

"இல்லக்கா. வெளங்க வைக்கணும்னு வாயில வந்துருச்சு."

"தெரிஞ்சு எத்தன நாளாச்சு?"

"பன்னெண்டு நாள்."

"போன வாரம் வந்தியே. தேதி கேட்டனே. செல்வியும் அங்கதான இருந்தா."

நான் குனிந்து குழாயை மூடினேன்.

"நீ இங்கிலீஷ்ல பொய் சொல்லியிருந்தா பரவால்ல தம்பி. அது அவுங்க பொய்யின்னு போயிருப்பேன். நம்ம வார்த்தைய எடுத்துச் சொன்ன. அத நம்பித்தான ஒன் மச்சான் கையெழுத்துப் போட்டாரு."

திட்டவில்லை. பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் தூக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள். அவளே போய் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். நான் குழாயடியிலேயே நின்றேன். மச்சான் வெளியே வந்து என்னைப் பார்த்தார், காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். பூசாரி கோயில் பக்கம் நடந்து போனார், மெதுவாக.

திரும்பிப் போக லயன் இல்லை. போன ஞாயிறே சொல்லியிருந்தால் ஒருவேளை மறித்து நின்றிருப்பார்கள். அப்போது சுவர் இல்லாவிட்டாலும் மேடு இருந்தது. இப்போது அங்கே குழி வெட்டி நாற்று வைத்துவிட்டார்கள்.

29 மார்ச், வியாழன்

இன்னொரு தோட்டத்துக்கு நான் போக மாட்டேன் என்று லிம்மிடம் சொன்னேன். நின்றுகொண்டே. வீரமெல்லாம் ஒன்றுமில்லை.

"நீ போவாட்டி வேற ஆளு. அந்த வார்த்தைய ஃபைல்லயே எழுதி வச்சாச்சு லா."

காட்டினார். என் கடித நகலின் ஓரத்தில், பென்சிலால், ஆங்கில எழுத்தில்: பாலாலயம். எழுத்துப் பிழையில்லாமல். துரையின் கையெழுத்து. பின்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

கன்பர்மேஷன் லெட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆக்டிங்தான்.

1 ஏப்ரல், ஞாயிறு

அக்கா ஆள் விட்டிருந்தாள், வரச் சொல்லி. போகக் கால் வரவில்லை. போனேன்.

தகரக் கொட்டகை வாசலில் மாவிலை. கட்டிய மூட்டையெல்லாம் பிரித்து அடுக்கியிருந்தது. நடுவில் மூன்று செங்கல், புதுப் பானை, பால். குடி புகுகிற பால்.

பக்கத்து வீட்டுக்காரி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "பங்குனியில யாராச்சும் பால் காய்ச்சுவாங்களாக்கா?"

"காய்ச்சுவாங்க. மாப்பிள வீட்டுக்கு வைகாசின்னே சொல்லியாச்சு. எம்பொண்ணு வீட்டுலேருந்துதான் போவணும்."

பூசாரி வரவில்லை. மச்சான் சுவர்ப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். செல்வி அடுப்பை ஊதினாள், புகை வெளியே போக வழியில்லை, எல்லோர் கண்ணிலும் தண்ணீர். வெளியே துரையின் கார் நின்றது. மாவிலையைப் பார்த்துவிட்டுப் போனது. நாளை லிம் என்ன சொல்வார் என்று தெரியும். பாத்தியா, நல்லா செட்டில் ஆயிட்டாங்க லா என்பார்.

பால் பொங்கியது. அக்கா முதல் டம்ளரை எனக்கு நீட்டினாள். வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"குடி. குடிச்சிட்டு சொல்லு, இது எங்க வீடுன்னு. அன்னிக்கி சொன்ன மாதிரி எல்லாரு முன்னாடியும் சத்தமாச் சொல்லு."

சூடு. பாலாடை உதட்டில் ஒட்டிக்கொண்டது.

சொன்னேன்.