மலைக்குப் போர்த்திய கம்பளி

நலம் பெருகுக. மஞ்சுநாடுடைய முடிவேந்தர் தண்ணளிச் சேந்தனார் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் வேட்டன் எழுதும் ஓலை. வடகணவாயின் பனியிலும் வாளிலும் நாட்டைக் காத்து நிற்கும் படைமுதலி வில்லவன் கோடனாரும், அவர்தம் வீரரும், அவர்தம் குதிரைகளும் நோயின்றி வாழ்க.

இவ்வாண்டுக்குரிய நாலாயிரம் கம்பளிப் போர்வைகள் இன்னும் வந்து சேராமை ஏன் என்று தாங்கள் வினவி விடுத்த ஓலை மன்னர் திருமுன் படிக்கப்பட்டது. மன்னர், நடந்ததை ஒளியாது எழுதுக என்று பணித்தருளினார்.

புல்மலையில் தோன்றி என்பாள் ஓர் ஆட்டிடைச்சி. கணவன் பெயர் குன்றன். மகள் பெயர் முல்லி. மலைமேல் இருந்த பன்னிரண்டு ஆட்டுப்பட்டிகளுக்கும் அவள் சொல்லே சொல். எந்தச் சரிவில் எத்தனை நாள் மேய்ப்பது, எந்தச் சரிவை ஓராண்டு ஆறப்போடுவது என்று அவள் புல்லைத் தடவிப் பார்த்துச் சொல்லுவாள், மற்றவர் கேட்பர். அந்நாளில் அம்மலைச் சுனைகள் கோடையிலும் தெளிந்து ஓடின.

மூன்றாண்டின் முன் கணவாய்ப் படை பெருகியது. கம்பளியும் பெருகவேண்டும் என்று அரசாணை போயிற்று. ஒரு மந்தை நின்ற இடத்தில் ஐந்து மந்தைகள் நின்றன. ஆறப்போடச் சரிவு இல்லை. மேய்ச்சலுக்காக உச்சிச் சோலையையும் வெட்டினர். சென்ற கோடையில் தோன்றி அரண்மனைக்கு ஆள் விடுத்தாள். அவள் சொல்லி அனுப்பியது இது: "பட்டி பெருத்துப் போச்சு, புல்லு சிறுத்துப் போச்சு. ஆடு இப்ப வேரைக் கடிக்குது. வேரும் போயிட்டா மண்ணை எது சாமி புடிச்சு வைக்கும்?"

அதற்கு, மலை தாங்கும், ஆணை தாழாது என்று விடை போயிற்று. அவ்விடையை எழுதிய கையே இதனையும் எழுதுகின்றது.

ஐப்பசி மழையில், ஒரு நண்பகல், கத்தரித்த உரோமப் பொதிகளை அடிவாரத்து அரசுப் பண்டகத்தில் இறக்கிவிட்டுத் தோன்றி திரும்பிக்கொண்டிருந்தாள். பேரொலி கேட்டு நிமிர்ந்தாள். மேலைச் சரிவு முழுதும் சேறாய் இறங்கி வந்தது. மூன்று பட்டிகளும் எட்டு வீடுகளும் அதனுள் போயின. குன்றனும் முல்லியும் வீட்டில் இருந்தனர். ஒன்பது நாள் அவள் மண்ணைத் தோண்டினாள். ஆடுகள் கிடைத்தன, அவ்விருவரும் கிடைத்திலர்.

பத்தாம் நாள் அவள் பண்டகத்துக்கு வந்து, கணவாய்க்குரிய கம்பளி நெய்ய உரோமம் ஏற்றிப் புறப்பட இருந்த வண்டிகளின் முன்னே படுத்துக்கொண்டாள். காவலர் அவளைத் தூக்க அஞ்சிச் செய்தி விடுத்தனர். மன்னர் தாமே சென்றார். சமவெளியில் அவளுக்கு நன்செய் நிலமும் வீடும் தருவதாகச் சொன்னார். அதற்கு அவள் சொன்னதை அவள் வாய்மொழியாகவே எழுதப் பணித்தார்:

"கீழ எனக்கு மண்ணு எதுக்குங்க சாமி? என் மண்ணு மேல கிடக்குது. ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சு ஓடுது. அதோட என் வீட்டுக்காரரும் புள்ளையும் ஆத்துல போயிருவாங்க. இந்த ரோமத்தை எனக்குக் குடுங்க. அந்தச் சரிவு மேல கனமா விரிச்சு முளையடிச்சா மண்ணு நிக்கும், ஈரம் நிக்கும். புல்லு அது வழியா முளைச்சு வரும். அப்புறம் ரோமம் தானா மக்கி எருவாயிரும். பட்டி ஓரத்துல நான் கண்ணால பார்த்திருக்கேன்."

ஆடே மலைக்குப் பகையோ என்று மன்னர் வினவினார்.

"ஆடு என்ன சாமி பண்ணும்? அதுக்குப் பசி. நீங்க கேட்டீங்க, நாங்க பெருக்கினோம்."

மன்னர் வண்டிகளை மலைக்குத் திருப்பினார். இருபது நாள் அரண்மனைக் காவலரும் பட்டியினரும் உரோமத்தை விரித்து மூங்கில் முளை அடித்தனர். தன் வீடு இருந்த இடத்தை மட்டும் தோன்றி பிறர் தொட விட்டாளில்லை. வண்டிகளில் வந்த பொதிகளிலிருந்து குட்டிகளின் முதற் கத்தரிப்பு உரோமத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தாள். அதனை அங்கே தன் கையால், உறங்குவார்க்குப் போர்த்துவதுபோல், ஓரம் ஓரமாக இழுத்துவிட்டு விரித்தாள். அன்றுதான் அவள் வாய்விட்டு அழுதாள். மன்னர் தலைப்பாகையைக் களைந்து நின்றார்.

ஆதலின், படைமுதலியார் அறிய வேண்டுவது: இவ்வாண்டும் இனி வரும் இரண்டாண்டும் புல்மலையிலிருந்து கம்பளி வாராது. பாசறையைப் பனிக்கோட்டின் கீழே இறக்குக. மேற்காவலுக்கு நிற்போர் முறை மாறி மாறி நிற்க. மன்னர் பள்ளியறைப் போர்வைகளும் அரசவை விரிப்புகளும் இவ்வோலையோடு வருகின்றன. நோயுற்ற வீரர்க்கு முதலில் கொடுக்க. இனி எந்த மலையில் எத்தனை ஆடு என்பதை அம்மலைப் பட்டியார் புல்லைப் பார்த்துச் சொல்லுவர். அச்சொல்லின்மேல் அரசாணை செல்லாது.

இவ்வோலையைப் படைவீரர் அனைவரும் கேட்கப் படிப்பிக்க. தன் போர்வை எங்கே என்று குளிரில் நின்று கேட்கும் வீரன் எவனாயினும், அது புல்மலையில் ஒரு தந்தைமேலும் ஒரு மகள்மேலும் கிடக்கின்றது என்று அவனுக்குச் சொல்லுக.

இஃது அரசாணை. மன்னர் தம் கையால் இலச்சினை இட்டருளினார். எழுதினேன் வேட்டன், என் எழுத்து.