நான்தான் போனை எடுத்தேன்

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டால் உன்னிடமிருந்து பதில் வராது. அதனால் இன்று அவசரப் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் என் வயதுள்ள தையல்காரம்மா ஒருவர் முதுகுவலி என்று வந்தார். இசிஜி சரியாகவே இருந்தது.

"மெஷின்ல குனிஞ்சே கிடந்தா வலிக்காம என்ன செய்யும்? ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க டாக்டர்" என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு கைகளிலும் நாடி பார்த்தேன். இடது கையில் துடிப்பு மங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்தால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், பிழைப்பது கடினம் என்பதை மறைக்காமல் சொன்னேன்.

"பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்றார். மகனுக்கு வெளியூரில் வேலை. ஸ்ட்ரெச்சர் நகர நகர, நான்தான் போனை அவர் காதில் வைத்தேன்.

"அம்மா, வேலையா இருக்கேன். அப்புறம் கூப்பிடட்டா?"

"சரிப்பா. நீ வேலையப் பாரு."

மறுபடி கூப்பிடவா என்று கேட்டேன். "வேணாம், பயந்துடுவான்" என்றார்.

ஆபரேஷன் நடக்கும்போதே உயிர் போய்விட்டது. மகனுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அவருடைய போனோடு நின்றேன். அதுவே அடித்தது.

"அம்மா, இப்ப ஃப்ரீதான். எதுக்குக் கூப்பிட்ட? அம்மா? பேசும்மா."

எத்தனையோ பேரிடம் இந்தச் செய்தியைச் சொன்னவள்தான் நான். ஆனாலும் அவன் "அம்மா, அம்மா" என்பதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு வெகுநாளாகிவிட்டது.

அப்புறம்தான் அவனிடம் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா