தலை மாறிய சொல்

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ நடுவில் அழுவாய், எனக்கு எரிச்சல் வரும், சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் வீட்டு விஷயம். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தாகிவிட்டது. கொத்தனார் தன் உயரத்துக்கு அளந்து வைத்துவிட்டுப் போனார். மறுபடி கூப்பிட்டு இறக்க வேண்டியிருந்தது. நான் கல்லூரிக்கு அரை நாள் போகிறேன். அந்த நேரம் உன் அத்தை வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பாவின் கால் பரவாயில்லை. வலது கை இன்னும் மரக்கட்டைதான். பேச்சு விஷயத்தைத்தான் விளக்கமாக எழுத வேண்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குத் தமிழ் வரவில்லை. வருவதெல்லாம் ஒற்றை ஒற்றையாக இங்கிலீஷ் சொற்கள். துறைமுகத்தில் கப்பல்களோடு வயர்லெஸ்ஸில் அந்த மொழியிலேயே பேசிப் பழகிய வாய் என்பதால் அது மட்டும் மிஞ்சியதோ என்னவோ. அதுவும் நேராக வருவதில்லை. நினைத்த சொல் உள்ளேயே நின்றுவிட, அதே ஓசையில் முடிகிற இன்னொன்று வெளியே வருகிறது. பேச்சுப் பயிற்சி தருகிற பெண், "வால் சரியா வருது மேடம், தலைதான் மாறிடுது" என்றாள். சாமர்த்தியமான விளக்கங்களை நான் சட்டென்று நம்புவதில்லை. சரி, பார்ப்போம் என்று இருந்தேன்.

ஒரு நாள் அத்தையிடம் படுக்கையறையைக் காட்டி "டெட், டெட்" என்றிருக்கிறார். அவள் ஒப்பாரிக்குத் தயாராகிவிட்டாள். நான் வந்தபோது பாதி உறவினர்களுக்குச் செய்தி போயிருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது பெட். முடி வெட்ட வந்தவரிடம் "பியர்" என்று நச்சரித்தார். அவர் கத்தரியை நிறுத்தி, "அண்ணே, அண்ணி பக்கத்துலயே நிக்கிறாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். சீப்பு காதில் குத்தியிருக்கிறது. இயர் என்று சொல்லப் பார்த்திருக்கிறார், பாவம்.

இவ்வளவும் நீ அன்று கூப்பிட்டதற்குப் பிறகு நடந்தவை. முன்பே தெரிந்திருந்தால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனை அவர் காதில் வைத்திருப்பேன்.

கல்யாணத்துக்குப் பிறகு நீ அப்பாவோடு பேச வந்த முதல் அழைப்பு அது. அவர் "ஹேட்" என்றார். நீ அப்பா என்று கூப்பிட்டாய், மறுபடியும் "ஹேட்" என்றார். நீ வைத்துவிட்டாய். அதற்கு வெறுப்பு என்று அர்த்தம் பார்க்க யாருக்கும் அகராதி தேவையில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் நீ வைத்த பிறகும் அவர் போனைக் கொடுக்கவில்லை. காதோடு அழுத்திக்கொண்டே இருந்தார். விரலை ஒவ்வொன்றாக விடுவித்துத்தான் வாங்கினேன்.

பயிற்சிப் பெண் ஒரு வழி சொல்லித்தந்தாள். ஒரே வால் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சரியான சொல் வந்தால் அவர் நம் கையை அழுத்துவார். அன்று போனில் குட்டியிடம் சொன்னது எது என்று கேட்டுவிட்டு, லேட், கேட், ஹேட், ப்ளேட், வெயிட் என்று மெதுவாகச் சொன்னேன். ஹேட்டுக்குத் தலையை ஆட்டி மறுத்தார். வெயிட்டுக்கு அழுத்தினார். ப்ளேட்டுக்கும் அழுத்தினார். அது சாப்பாட்டு வேளை. சாப்பிட வைத்துவிட்டு, வரிசையை மாற்றி மறுபடி கேட்டேன். வெயிட்டுக்கு மட்டும் அழுத்தினார், விடவில்லை.

நான் பாடம் நடத்துகிற புள்ளியியலில் இதை ஆதாரம் என்று சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள். சத்தியம் செய்ய மாட்டேன். ஆறுதலுக்காக ஒன்றைச் சொல்கிறவளும் நான் இல்லை. அது உனக்குத் தெரியும், அதற்காக என்னோடு சண்டையும் போட்டிருக்கிறாய்.

அந்த வெயிட் என்ற சொல்லைப் பற்றி இன்னொன்று. கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டு நீ வீட்டை விட்டுப் போன அன்றும் அப்பா அதைத்தான் சொன்னார். நீ வாசலில் நின்று, "இன்னும் எத்தனை வருஷம்பா வெயிட் பண்றது?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினாய். தள்ளிப்போடுகிறார் என்று நீ நினைத்தாய். நம் வீட்டில் யார் காதுக்கும் அப்படித்தான் கேட்கும். அவர் வேலையில் அதற்கு வேறு அர்த்தம். ஒரு கப்பல் பேசிக்கொண்டிருக்கும்போது உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் "வெயிட்" என்பார்கள். நீ சொன்னது கேட்டது, லைனிலேயே இரு, வருகிறேன் என்று பொருள். முடியாது என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. அதை அவர் அன்றும் சொல்லவில்லை.

அன்று அவர் சரி, நீ தப்பு என்று எழுத வரவில்லை. பெற்ற மகளிடம் கப்பலிடம் பேசுவதுபோல் பேசியது அவர் தப்புதான். வாய் நன்றாக இருந்தபோது விளக்கியிருக்கலாம். இப்போது விளக்க வாயில்லை.

கையில் கொஞ்சம் உயிர் வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். பேச்சைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார். அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. போனை அப்பா காதில் வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கட்டும், அவர் குரலும் கேட்கட்டும். முதலில் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியாது. பழைய ஹேட்டே வந்தாலும் வரும். அதன் பிறகு வெகுநேரம் ஒன்றுமே வராமலும் போகலாம். மூச்சு மட்டும் கேட்கும்.

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். மூச்சுக் கேட்கிறவரை வைத்துவிடாதே, கண்ணு.

அம்மா