கீழ்ப்பாதி இல்லாத கண்ணாடி

என் சரசுவுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம், நாலு மணி இருபது நிமிஷம். நம் மூக்குக் கண்ணாடிக் கடைச் சுவரில் டெலிபோன் மணி அடித்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். கோல்ப் திடலில் துரைமாருக்குப் பை தூக்கும் மாரிமுத்து அண்ணன் பேசினார். டெலிபோனில் அவர் பேசியது அன்றுதான் முதல் தடவையாம். அதனால் கத்தினார்.

"தம்பி, தங்கச்சிக்குப் பந்து பட்டுருச்சு. நெத்திப் பொட்டுல. ஒடனே வாங்க."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "கண்ணாடி ஒடஞ்சிடுச்சா அண்ணே?" என்று கேட்டேன். கத்திக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடிக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க வாங்க."

உன் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. உன் அக்கா சோற்றை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் வில்லை தேய்க்கும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாயே, அந்தப் பேப்பருக்குத்தான் இதை அனுப்பப் போகிறேன். கண்ணாடி போடுகிறவர்களும் செய்கிறவர்களும் படிக்கட்டும்.

கெலாங் பாத்தா ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கடைக்கு முதலில் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். வயசு ஐம்பதுக்கு மேல். தூரமும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிப்பதற்கு என்று ஒரே கண்ணாடியாகச் செய்து கொடுத்தேன். சிங்கப்பூரில் ஐந்து வருஷம் படித்த தொழில். எனக்கு அதில் கர்வம் உண்டு, உனக்குத் தெரியும்.

அவர் கார் போனதும் நீ கேட்டாய்: "ஏங்க, இந்தத் தொரை கோல்ப் ஆடுறவராச்சே. குனிஞ்சா அவருக்கு என்ன தெரியும்?"

"படிக்கிற எழுத்து தெரியும்."

"பந்துல என்ன பேப்பரா ஒட்டியிருக்கு?"

நான் சிரித்தேன். கீழ்ப்பாதி ஒன்றரை அடித் தூரத்துக்குத் தேய்த்தது. நின்றபடி பார்த்தால் பந்து ஐந்து அடி கீழே கிடக்கும். மங்கும், இருக்கிற இடத்தை விட்டு நகர்ந்ததுபோல் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கண்ணாடி செய்கிற எவனும் என்ன படிப்பீர்கள் என்றுதானே கேட்பான்? நானும் அதை மட்டும்தான் கேட்டேன்.

துரை இரண்டு தடவை டெலிபோனில் கூப்பிட்டார். "பந்து ஓடுது. கண்ணாடி சரி இல்லே. நீ பாரு." அளவு சரிதான், பழகினால் போதும் என்றேன். ரிசீவரை வைத்ததும் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"பழகிக்கிறதுக்கு அது என்ன புதுச் செருப்பா? கீழ்ப்பாதி இல்லாம இன்னொண்ணு தேச்சுக் குடுங்க. ஆடுறப்ப அதப் போட்டுக்கட்டும்."

பத்து நாள் தள்ளிப் போட்டேன். வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னது பொய். இன்னொன்று செய்தால் முதலில் செய்தது தப்பு என்று ஆகிவிடுமே.

அந்தச் சனிக்கிழமைதான் முடித்தேன். துடைத்துக்கொண்டிருந்தவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய். "குடுங்க. தம்போய்ல இருக்குற அக்கா வீட்டுக்குத்தான் போறேன், வழியில கோல்ப் திடல்ல குடுத்துட்டுப் போறேன். ஒங்ககிட்ட விட்டா இன்னும் பத்து நாள் தொடைப்பீங்க."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

திடலில் மாரிமுத்து அண்ணன் உன்னைப் பார்த்துக் கை காட்டினாராம், துரை அடித்து முடிக்கட்டும், அங்கேயே நில்லு என்று. நீ மரத்தடியில் ஒதுங்கி நின்றாயாம். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுப் பக்கவாட்டில் பறந்தது. யார் சொன்னாலும் நிற்காத நீ, அன்றைக்கு ஏன் நின்றாய்?

துரை தான் போட்டிருந்த அந்த முதல் கண்ணாடியை டிரைவரிடம் திருப்பி அனுப்பிவிட்டார். அளந்து பார்த்தேன், அளவில் ஒரு குறையும் இல்லை. பிறகு கடைத் தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, அதைப் போட்டுக்கொண்டு கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தேன். பழம் நகர்ந்தது. உன் குடையால் தட்டினேன். ஓரத்தில் பட்டு அலமாரிக்கு அடியில் ஓடிப்போனது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

தினமும் நாலு மணிக்கு மேல் துரை கூப்பிடுகிறார். "கண்ணாடியா, என் கையா? நீ சொல்லு." காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்கு விரட்டுவதற்காகப் படித்த தமிழ் அது. அதில் அழுவதற்கு வார்த்தை இல்லை. ஒரு நாள் சொன்னார்: "மேலே பாத்தேன். பொண்ணு நல்லா தெரிஞ்சுது. கையிலே சின்னப் பொட்டி, அதுவும் தெரிஞ்சுது."

மேல்பாதியை நான் நன்றாகத்தான் தேய்த்திருக்கிறேன், சரசு.

கண்ணாடி என்று சொன்னால் அவர் தூங்குவார். கை என்று சொன்னால் நான் தூங்கலாம். இத்தனை நாளும் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேற்றுச் சொல்லிவிட்டேன்: "கண்ணாடிதான் தொரை. அவ அப்பவே சொன்னா. பத்து நாள் தள்ளிப் போட்டது நான்."

"கை என்னுது," என்றார் துரை. "நாளைக்குப் பேசுறேன்."

இன்றைக்கும் இதையே பேசி என்ன செய்ய? ஆளுக்குப் பாதி என்று உன்னைப் பங்கு போட்டுக்கொள்ளவா?

நீ கொண்டுபோன கண்ணாடி பெட்டிக்குள் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். இனி கடைக்கு யார் வந்தாலும், கணக்குப்பிள்ளையோ ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரோ, "குனிஞ்சா எதைப் பாப்பீங்க?" என்று முதலில் கேட்பேன். நீ கேட்ட கேள்வி. அதற்குப் பதில் வாங்காமல் வில்லையைத் தொட மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இப்போது மணி நாலாகப் போகிறது. கண்ணாடித் திருகாணிக்கு வைத்திருக்கும் சின்னத் திருப்புளியால் டெலிபோன் கம்பி இரண்டையும் கழற்றிவிட்டேன். இனி அது அடிக்காது.

உன் பேச்சைப் பத்து நாள் தாமதமாகக் கேட்ட
உன் வீட்டுக்காரன்