கோமு வீட்டுத் தூக்கு

ஆடி, செவ்வாய்க்கிழமை. சாரல் இன்னும் விடவில்லை.

மேலகரத்தில் என் நாத்தனார் கோமு வீட்டு வாசலை இத்தனை வருஷம் கழித்து இன்று மிதித்துவிட்டேன். என் மகள் மறுவீட்டு விருந்தில் நான் வைத்த சொதிக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய்ப்பாலைத் தேடணும் போலுக்கே" என்று பந்தியில் சொன்னவள் அவள். அன்று அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் சேலை வரை ஞாபகம் இருக்கிறது.

போனது பேத்தி உமாவுக்காக. மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டில் ஆராய்ச்சி செய்கிறாள். கடை ஈஸ்ட் படாமல், பழைய மாவையே உறைவிட்டு வரும் ஆப்ப மாவு வேண்டுமாம். அது கோமுவிடம்தான் உண்டு. உமாவுக்கு நாளைக் காலையில் ரயில்.

"அதுல என்னட்டி பாப்பே?" என்றேன்.

"தாய் ஈஸ்ட் மேல பிள்ளை மொட்டு மாதிரி முளைக்கும், ஆச்சி. பிரியும்போது குணத்தை வச்சிருக்க நூல்ல ஒரு நகல் அதுக்குப் போகணும். நூலைப் பிடிச்சு இழுக்குத இடம்தான் சென்ட்ரோமியர். அது இல்லன்னா பிள்ளை வெறுங்கையோட போயிரும். தூரத்துப் பங்காளி ஈஸ்டுக்கு அந்த இடம் நீளம், இதுக்குப் பொட்டு அளவு. எப்படிச் சுருங்குச்சுன்னு பாக்கேன்."

கோமு தூக்குவாளி நிறைய மாவு தந்தாள். "கொண்டு போங்க மதினி. இது தண்ணியா இருக்காது" என்றாள். அவளும் மறக்கவில்லை. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உமா மாவைப் பாட்டிலில் மாற்றிக்கொண்டாள். தூக்கைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். ஈஸ்டே பிள்ளையை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. நான் வெறுந்தூக்கைத் திருப்பித் தருவேனா? நாளைக்குச் சொதி. தண்ணி சேராத முதல் பால் மட்டும்தான். கோமு கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.