ஒட்டகம் நீட்டிய கை

மார்ச் 4

ஊசிக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். ஊர் ஊராகப் போய் வேலையாட்களுக்கு இதயப் பரிசோதனை செய்கிறீர்களாமே, சொந்த அக்கா வீட்டுக்காரர் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லையா? சூளையில் செங்கல் சுமந்துவிட்டு வந்தால் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், “வாயுடி, நீ வேற” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. உன் ஆட்களை இங்கேயும் அனுப்பு.

உன் அக்கா

மார்ச் 29

அன்பு அக்கா,

என்னால் வர முடியவில்லை. என்னோடு வேலை செய்பவர்கள் வந்து எல்லோரையும் பார்த்தார்கள். மாமாவுக்கு ரத்தக்கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை. மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. காளை மாதிரி இருக்கிறார்! இனி படியில் உட்கார்ந்தால் அது சோம்பல்தான். யாருக்குக் கனமான வேலை கூடாது என்று தெரியட்டுமே என்று மேஸ்திரியிடமும் எல்லோருடைய முடிவுகளையும் கொடுத்துவிட்டோம்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

என் வயிற்றில் பாலை வார்த்தாய். மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். “உன் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று இருமல் வரும்வரை சிரித்தார். இப்போதெல்லாம் நெஞ்சை அடைக்கிறது என்றால் உன் கடிதத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். “காளைக்கு என்ன கேடு, கெளம்புங்க!” என்று விரட்டுகிறேன்.

அக்கா

மே 2

அக்கா,

மாமாவின் உடலை எடுத்த அன்று என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டாய். கிளம்பும்போதும் வெளியே வரவில்லை. மாமாவின் பரிசோதனை முடிவையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கருவியைக்கூடச் சரிபார்க்கச் சொன்னேன். எங்கே தப்பு நடந்தது என்று புரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

மே 19

தம்பி,

கருவியில் தப்பில்லை. மாமாவின் கூட்டாளி, அந்த நெட்டை ஆள், ஒட்டகம் என்போமே, நேற்று வந்து அழுதான். பரிசோதனையன்று மாமாவின் பேரைக் கூப்பிட்டபோது எழுந்து போய்க் கையை நீட்டியது அவன்தான். பக்கத்துச் சூளையில் நீங்கள் பார்த்துவிட்டுப் போனதும், இதயம் சரியில்லாதவர்களை அங்கிருக்கும் மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். “எனக்கு வேலை போனா வீட்ல என்னடா சொல்வேன்? உன் கையக் குடுடா” என்று மாமா கெஞ்சியிருக்கிறார். உன் கடிதத்தை வாசித்தபோது ஏன் அப்படிச் சிரித்தார் என்று இப்போது புரிகிறது.

கடைசி நாள் காலையிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். உன் கடிதத்தைக் காட்டி எழுப்பிவிட்டது நான். அதனால்தான் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் மேல் கோபம் என்று நினைக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

திங்கட்கிழமையிலிருந்து நான் சூளைக்குப் போகிறேன். அடுத்த தடவை நீயே வா. முடிவை மேஸ்திரியிடம் கொடுக்கமாட்டாய் என்றால் என் கையை நானே நீட்டுகிறேன். கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு. ஒட்டகத்தின் மனைவிக்கு நல்ல திடமான உடம்பு.

அக்கா