மல்லாபூர் பிளாட்: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே தூறல். மாடியில் காயப்போட்ட மிளகாய் நனைந்துவிட்டது. இன்றைய வேலை: பென்ஷன் படிவம், கேஸ் புக்கிங், பல் டாக்டர். ஒன்றும் நடக்கவில்லை.

மல்லாபூர் பிளாட்டில் இருந்தவர்கள் காலி செய்தாச்சு. சொந்த வீடு வாங்கிவிட்டார்களாம். லட்டு கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல ஜனங்கள்.

இந்த மாதக் கடைசியில் ரிடயர்மென்ட். ஆகஸ்டுக்குள் குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட்டு, புனேவில் மகன் ரவி வீட்டோடு. பேசி முடித்த விஷயம். மிச்சம் ஒரே கேள்வி: பிளாட்டை விற்பதா, மறுபடி வாடகைக்கு விடுவதா?

கணக்குப் போட்டேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வாங்கிய விலை 11 லட்சம். வாடகை மாதம் 14,000. வருஷத்துக்குப் பதினைந்து சதவீதத்துக்கு மேலே! எந்த பேங்க் கொடுக்கும்? எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஜூன் 5, வியாழன்

வெயில். ரவியிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். சிரித்தான்.

"அம்மா, வாங்கின விலையால வகுக்கக் கூடாது. இன்னிக்கு வித்தா என்ன வருமோ, அதால வகுக்கணும்."

"பணம் கட்டினது நான். இன்னிக்கு விலையை நான் ஏன்டா பார்க்கணும்?"

"அதை வித்து எஃப்.டி.ல போட்டா என்ன வரும்னு பாரும்மா."

கோபம். போனை வைத்தபின் மறுபடி போட்டேன். இன்றைய விலை 48 லட்சம். காலியாகக் கிடக்கும் மாதம், பெயின்ட், வீட்டு வரி, புரோக்கர் எல்லாம் கழித்தால் கையில் 1,20,000. இரண்டரை சதவீதம். எஃப்.டி.யில் இரண்டு மடங்குக்கு மேல் வரும். கடன்காரன், சரியாகத்தான் சொல்கிறான்.

விற்றுவிடலாம். புரோக்கர் முருகேசனிடம் சொல்லியாச்சு. ராத்திரிக்கு வெண்டைக்காய் வதக்கல், நன்றாக வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

முருகேசனோடு பிளாட்டுக்கு. ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த மனிதர், வாய் ஓயாது. தமிழில் உள்ளூர் உருதுவைக் கலந்து அடிப்பார்: 'அப்படியா' என்பதற்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ', 'எதுக்கு' என்பதற்கு 'கைக்கு'. வாங்க வந்தவர்கள் தெலுங்குத் தம்பதி, மரியாதையானவர்கள். அந்த அம்மாள் சமையலறையில் கையை நீட்டி, ஃபிரிட்ஜ் இங்கே என்றாள்.

"வேண்டாம், ஜன்னல் அடைபடும்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. அவள் வீடாகப் போவதில் எனக்கென்ன பேச்சு?

அவர்கள் பால்கனிக்குப் போனதும் சின்ன அறையை அடி வைத்து அளந்தேன். என் கட்டில் போகும். தையல் மிஷினும் போகும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட இங்கே படுத்ததில்லை. வீட்டுக்காரி என்று பேர்.

ஜூன் 9, திங்கள்

ஆபீஸ். மனசு வேலையில் இல்லை. நோட்டில் மூன்றாவது கட்டம் போட்டேன்: 'நானே இருந்தால்'. வரவு சைபர். வரியும் பராமரிப்பும் கைக்காசு. எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். ஆனாலும் அடிக்கக் கை வரவில்லை.

நானே அங்கே இருக்கப்போகிறேன் என்று ரவியிடம் சொல்லிவிட்டேன்.

"எங்ககூட இருக்கப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்கும்டா. மாசக்கணக்கா வந்து இருக்கேன். ஆனா எனக்குன்னு ஒரு வீடு வேணும்."

"உன் ரூமுக்கு பெயின்ட்கூட அடிச்சாச்சு." குரல் இறங்கிவிட்டது. பிறகு அவனே, "சரி, புது ஃபிரிட்ஜ் நான் வாங்கித் தரேன்" என்றான். தங்கம்.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல தூக்கம். டீ குடிக்கும்போது முருகேசன் போன்.

"அம்மா, பார்ட்டி ரெடி. அட்வான்ஸ் வாங்கிடலாமா?"

"விக்கலைங்க. குடிவர ஆள் கிடைச்சாச்சு."

"ஹவ்? ஃபேமிலியா?"

"இல்லை, ஒத்தைப் பொம்பளை."

"அய்யோ, நக்கோம்மா! அசோசியேஷன்காரங்க நூறு கேள்வி கேப்பாங்க. வாடகை எவ்ளோ தர்றாங்களாம்?"

"ஒரு பைசா தரமாட்டாளாம்."

"கைக்கும்மா இப்படி ஏமாறுறீங்க? எப்ப காலி பண்ணுவாங்கன்னாவது கேட்டீங்களா?"

"பண்ணவே மாட்டாளாம்" என்றேன்.